60 லிட்டர் தொட்டி காலியாக இருக்கிறது: கடல் மீனுக்குத் தனிமைத் தொட்டியாக மாற்ற என்னென்ன வேண்டும்?

அலைவாய்

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 350 லிட்டர் பவளத் தொட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு க்ளவுன், ஒரு வாட்ச்மேன் கோபி, கொஞ்சம் மென்பவளம், நத்தைகள். எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. அடுத்து கோலே டேங், ஃபேரி ராஸ் என்ற மீன்களில் ஒவ்வொன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். இதுவரை வாங்கியதையெல்லாம் நேராகப் பெரிய தொட்டியில்தான் விட்டேன். இப்போது டேங் என்று வாயைத் திறந்ததுமே "தனிமைத் தொட்டி இல்லாமல் அதைத் தொடாதே" என்கிறார்கள், அதாவது புது மீனைச் சில வாரம் தனியாக வைத்து நோய் பார்க்கும் தொட்டி.

கையில் ஒரு 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி சும்மா கிடக்கிறது. மணல், பாறை போடலாமா? ஃபில்டரை எப்படித் தயார் செய்வது? மீன் நன்றாக இருந்தாலும் மருந்து போட வேண்டுமா, இல்லை பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா? எத்தனை நாள் வைப்பது? பெரிய தொட்டிக்குக் கீழே கேபினெட்டில், சம்ப் (பெரிய தொட்டியின் நீர் சுற்றி வரும் கீழ்த் தொட்டி) பக்கத்தில் இடம் இருக்கிறது. அங்கேயே வைத்துவிடலாமா?

உப்புக்கரிச்சான்

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். சம்ப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். குமிழி உடையும்போது தெறிக்கும் பொடித் துளியிலேயே வெல்வெட் ஒட்டுண்ணி பயணம் செய்யும் என்பதை 2006 இல் சோதனை செய்தே காட்டிவிட்டார்கள். காற்று வீசினால் 3 மீட்டர் வரைக்கும் போயிருக்கிறது. வேறு அறை கிடைத்தால் அங்கே வையுங்கள். கிடைக்காவிட்டால் அறையின் எதிர் மூலை, மூடி போட்டு. வலை, பக்கெட், சைஃபன் குழாய், கை துடைக்கும் துணி எல்லாமே தனி. தினமும் முதலில் பெரிய தொட்டி வேலையை முடித்துவிட்டு அப்புறம் இங்கே வாருங்கள். வரிசையை மாற்றினால் நோயை நம் கையே சுமந்துகொண்டு போகும்.

மணல், பாறை இரண்டும் வேண்டாம். பவள மணலும் சுண்ணாம்புப் பாறையும், ஒட்டுண்ணியைக் கொல்லப் போடும் செம்பு மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் அளந்த அளவு மாலையில் இருக்காது. அது மட்டுமில்லாமல் ஒட்டுண்ணி கூடு கட்டி ஒளிந்துகொள்ளவும் அவை வசதி. அடி வெறும் கண்ணாடியாக இருந்தால் மீதி இரை, கழிவு, உதிர்ந்த தோல்சளி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மீன் ஒளிந்துகொள்ள பிவிசி எல்போ இரண்டு மூன்று போடுங்கள், மீனின் உயரத்தைவிட நன்றாக அகலமானதாக. ஹீட்டர், ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், தெர்மோமீட்டர், மூடி. அவ்வளவுதான் சாமான். கார்பன், யூவி விளக்கு இரண்டும் மருந்தோடு சேராது, எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி ஃபில்டர். இதில்தான் பெரும்பாலான தனிமைத் தொட்டிகள் கவிழ்கின்றன. எல்லாரும் மருந்தைப் பற்றியே கவலைப்படுவார்கள். மீன் சாவது அம்மோனியாவால். புதுத் தொட்டி, புது நீர், பாறை இல்லை, பாக்டீரியா ஒட்ட இடமே இல்லை, அதில் பயந்துபோன ஒரு மீன். நன்னீர் வளர்த்தவர்களுக்கு இது முதலில் உறைக்காது. கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருக்கும். மொத்த அம்மோனியாவில் விஷமான பங்கு, பிஎச் 7 இல் இருப்பதைவிட அங்கே பத்து மடங்குக்கும் மேல். அதனால் டெஸ்ட் கிட்டில் லேசான பச்சை தெரிந்தாலே சும்மா இருக்கக் கூடாது.

வழி சுலபம். இன்றைக்கே இரண்டு ஸ்பாஞ்ச் வாங்கி உங்கள் சம்பில், நீரோட்டம் உள்ள இடத்தில் போட்டு வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பாக்டீரியா குடியேறிவிடும். அதன் பிறகு மீனைத் தேடினால் போதும்.

சிப்பிக்குள்_நண்டு

மூடி என்று அண்ணா ஒரே சொல்லில் போய்விட்டார். ஃபேரி ராஸ் என்றால் வலை மூடி, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல், ஹீட்டர் வயர் போகும் ஓட்டை உட்பட. எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே பிறந்த மீன் அது.

பழைய_தொட்டி

தம்பி, தனிமைத் தொட்டி வையுங்கள், நல்லது. ஆனால் நன்றாக இருக்கும் மீனுக்குச் செம்பு போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. செம்பு விஷம். ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் நடுவில் இருப்பது குறுகிய இடைவெளி. பிடித்து, பையில் கட்டி, பல கை மாறி வந்த மீனுக்கு முதலில் வேண்டியது அமைதியும் நல்ல இரையும். நான்கு வாரம் கவனியுங்கள். நோய் தெரிந்தால் மருந்து, இல்லையேல் பெரிய தொட்டிக்கு. என் டேங் உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்து, நன்றாகச் சாப்பிட்டே தானாகப் போயிருக்கிறது. அதற்குப் பின் வரவும் இல்லை.

நீலவரி

சார், இரையும் அமைதியும் முக்கியம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "தானாகப் போனது" என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அலைவாய், எத்தனை நாள் என்ற உங்கள் கேள்விக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

கடல்நீர் இக் எனப்படும் க்ரிப்டோகாரியான் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் புகுந்து சாப்பிடுகிறது. அந்தக் கட்டம்தான் நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி. மூன்று முதல் ஏழு நாளில் வயிறு நிறைந்து, மீனை விட்டு விழுந்துவிடும். அன்று காலை பார்த்தால் மீன் பளிச்சென்று இருக்கும், நாமும் குணமாகிவிட்டது என்று நினைப்போம். விழுந்தது சில மணி நேரம் தரையில் ஊர்ந்து, கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டி, கூடு கட்டி, உள்ளே பிரிந்து பெருகும். பெரும்பாலும் மூன்று நாள் முதல் நான்கு வாரத்துக்குள் குஞ்சுகள் வெளியே வரும். பதிவானவற்றில் மிக நீண்டது 72 நாள். வெளியே வந்தவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும்.

ஆக, புள்ளி போவது அந்தச் சுற்றில் ஒரு கட்டம். அடுத்த சுற்றில் புள்ளி கூடலாம். மீனுக்கு எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் வந்திருந்தால் செவுளில் மட்டும் நாலைந்து ஒட்டிக்கொண்டு வெளியே ஒன்றும் தெரியாமலும் ஓடலாம். சாருடைய டேங் அப்படி எதிர்ப்புச் சக்தி பெற்றதாக இருக்கலாம், அது உண்மையாகவே நடக்கும். ஆனால் அந்தத் தொட்டியில் ஒட்டுண்ணி இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கவனித்தல் மட்டும் போதும் என்ற முறையில் எனக்குள்ள சிக்கல் இதுதான். செவுளுக்குள் இருப்பதை வெளியிலிருந்து கவனிக்க முடியாது.

பழைய_தொட்டி

நீலவரி அம்மா, விளக்கம் சரி. ஆனால் செம்பைச் சரியாக அளக்கத் தெரியாமல் மீனைக் கொன்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இக் வந்து செத்ததைவிட அதிகம். புதிதாகத் தொடங்குபவருக்கு எது பாதுகாப்பு என்று யோசியுங்கள்.

ஆழ்கடல்77

இடையில் ஒன்று. இக் மட்டும் இருந்தால் சார் சொல்வதை நானும் ஒப்புக்கொள்வேன். வெல்வெட் வந்தால் கவனிக்க நேரமே கிடைக்காது.

இக் என்றால் புள்ளிகளை எண்ணலாம். வெல்வெட் எண்ண முடியாத நுண்ணிய தூசிப் படலம், பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் தெரியும். பல சமயம் தோலில் தெரியும் முன்பே செவுளை முடித்திருக்கும். பார்க்க வேண்டியது மீனின் நடத்தை: பம்ப் வாய்க்கு முன்னால் ஓட்டத்தை எதிர்த்து நின்றுகொண்டே இருப்பது, வெளிச்சத்தைத் தவிர்ப்பது, வேகமான மூச்சு, நேற்று வரை சாப்பிட்ட மீன் இன்று இரையைத் துப்புவது. இது தெரிந்த பிறகு இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகலாம்.

க்ளவுனுக்கு ப்ரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி தனி. உடம்பெல்லாம் சளி தடித்து, உரிந்து தொங்கும். இதற்குச் செம்பு வேலையே செய்யாது, ஃபார்மலின்தான். அது நமக்கும் கெடுதல். கையுறை, திறந்த ஜன்னல், தொட்டிக்குப் பலமான காற்று இல்லாமல் தொடக் கூடாது. "செம்பு போட்டேன், அப்படியும் க்ளவுன் செத்துவிட்டது" என்பவர்களில் பாதிப் பேர் கதை இதுவாக இருக்கும்.

அலைவாய்

எல்லாருக்கும் நன்றி. ஸ்பாஞ்ச் இரண்டும் சம்பில் போட்டாயிற்று. பழைய_தொட்டி ஐயா சொன்ன பயம் எனக்கும் இருக்கிறது. செம்பு போடுவதென்றால் எந்த வகை, எப்படி அளப்பது? கடையில் இரண்டு மூன்று பெயர் சொல்கிறார்கள், ஒன்றுக்கு 0.5 என்கிறார்கள், இன்னொன்றுக்கு 2.5 என்கிறார்கள். ஐந்து மடங்கு வித்தியாசம் எப்படி?

உப்புக்கரிச்சான்

நல்ல கேள்வி. இது தெரியாமல்தான் ஐயா சொல்லும் சாவுகள் நடக்கின்றன.

வகை இரண்டு. க்யூப்ரமைன் அயனிச் செம்பு வகை. இலக்கு 0.5 பிபிஎம். பாட்டிலிலேயே போட்டிருப்பார்கள்: 40 லிட்டருக்கு 1 மில்லி, 48 மணி நேரம் விட்டு மறுபடி அதே அளவு. காப்பர் பவர் போன்றவை கட்டிய செம்பு. வேறொரு மூலக்கூறு செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேலை செய்ய விடும். அதனால் அங்கே இலக்கு 2.5 பிபிஎம். இரண்டும் ஒட்டுண்ணிக்கு ஏறக்குறைய ஒரே அடிதான். ஒன்றின் எண்ணை மற்றதற்குப் பொருத்தினால் கதை முடிந்தது. க்யூப்ரமைனை 2.5 க்கு ஏற்றினால் மீன் போகும், காப்பர் பவரை 0.5 இல் நிறுத்தினால் ஒட்டுண்ணிக்குத் தும்மல்கூட வராது.

என் சிபாரிசு கட்டிய செம்பு. ஏற்ற இறக்கத்தை மீன் கொஞ்சம் பொறுக்கும். ராஸுக்கும் இதுவே மேல். முதல் நாளே முழு அளவு வேண்டாம். நான்கைந்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். மீன் சாப்பிடுவதை நிறுத்தினால் அந்த அளவிலேயே ஓரிரு நாள் நில்லுங்கள்.

அளப்பதற்கு ஹன்னா செக்கர் என்ற டிஜிட்டல் அளவி, ஹை ரேஞ்ச். லோ ரேஞ்ச் வாங்கிவிடாதீர்கள், அது 1 பிபிஎம்முக்குக் கீழேதான் படிக்கும். நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் கிட்டில் 2.0 க்கும் 2.5 க்கும் வித்தியாசம் சொல்ல முடிந்தால் உங்கள் கண்ணுக்கு விருதே தரலாம்.

கணக்குப் போடும்போது 60 லிட்டர் என்று போடாதீர்கள். விளிம்பு வரை நிரப்ப மாட்டீர்கள், எல்போவும் இடம் எடுக்கும். நீரை ஊற்றும்போதே பக்கெட் அளவை எண்ணி, 50 லிட்டரோ 52 லிட்டரோ வந்த இடத்தில் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போடுங்கள். நீர் ஆவியாகும், செம்பும் உப்பும் ஆவியாகாது. கோடு இறங்கினால் ஆர்ஓ நன்னீரை மட்டும் கோடு வரை ஊற்றினால் அளவு பழையபடி வந்துவிடும். நீர் மாற்றும்போது மட்டும் புது உப்பு நீரில் அதே அளவு செம்பை முன்கூட்டியே கலந்து ஊற்ற வேண்டும்.

நீலவரி

நாள் கணக்கு மேலே சொன்ன சுற்றிலிருந்தே வருகிறது. மீன் மேல் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் செம்பு தொடாது. வெளியே நீந்தும் குஞ்சை மட்டும் கொல்லும். அதனால் முழு அளவை எட்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். நடுவில் ஒரு நாள் அளவு இறங்கினாலும் அந்த ஜன்னலில் ஒன்று தப்பி மீனைப் பிடித்திருக்கலாம், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

அதே தொட்டியிலேயே வைத்திருந்தால் 30 நாள். இன்னொரு சுத்தமான தொட்டி இருந்தால் 14 நாள் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள், அதில் தர்க்கமும் இருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் மீன் மேலிருந்த எல்லாமே விழுந்திருக்கும், புதிதாக எதுவும் ஏற முடியாது. மீனைத் தூக்கிப் புதுத் தொட்டியில் விட்டால் கூடுகள் பழைய தொட்டியில் தங்கிவிடும். இரண்டாவது தொட்டி இருப்பவர்கள் இதையே செய்யலாம். செம்பில் இருக்கும் நாள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

அப்புறம், இரண்டு மீனையும் ஒரே நாளில் உள்ளே விடுங்கள். டேங் உள்ளே போய்ப் பத்து நாள் கழித்து ராஸ் வந்தால் டேங்குக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

சிப்பிக்குள்_நண்டு

செம்பே இல்லாமல் தொட்டி மாற்றும் முறை ஒன்று உண்டே? அதையும், உப்பளவை 1.009 அடர்த்திக்குக் குறைக்கும் முறையையும் யாரும் சொல்லவில்லை.

ஆழ்கடல்77

மாற்றும் முறை எனக்குப் பிடித்தது. 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை முழுக்க உலர்ந்த, சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். மொத்தம் நான்கு மாற்றம், 12 நாள். விழுந்தவை குஞ்சு பொரிக்கும் முன் மீன் நகர்ந்துவிடும். மருந்தே வேண்டாம். ஆனால் இக்குக்கு மட்டும்தான். வெல்வெட்டின் வேகத்துக்கு இந்த மூன்று நாள் இடைவெளி பொருந்தாது. நீரும் ஸ்பாஞ்சும் ஒவ்வொரு முறையும் புதிது என்பதால் அம்மோனியா வேலையும் கூட. பழைய தொட்டி நீரில் ஒரு சொட்டு, வலையில் ஒரு ஈரம் கூடப் புதுத் தொட்டிக்குப் போகக் கூடாது.

உப்பளவைக் குறைப்பது அளவுகோல் சரியாக இருப்பவர்களுக்கு. உப்பளவு தெரிந்த 35 பிபிடி திரவத்தால் சரிபார்க்காத ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பளவு பார்க்கும் கருவி) நம்பி 1.009 என்று நினைத்து 1.012 இல் வைத்திருந்தால் பயனில்லை. வெல்வெட் அந்த உப்பளவில் ஹாயாக வாழும். கோலே டேங்குக்கு நான் செம்பைத்தான் சொல்வேன்.

பழைய_தொட்டி

சரி, செம்பு பக்கம் மூன்று பேர் இருக்கிறீர்கள், நான் ஒருத்தன். என் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தம்பியின் பெரிய தொட்டியில் இருக்கும் க்ளவுனும் கோபியும் எந்தத் தனிமையும் பார்க்காதவை. உங்கள் கணக்குப்படியே அந்தத் தொட்டியில் இக் இருக்கலாம். அப்படியென்றால் டேங்கை ஒரு மாதம் செம்பில் வாட்டி, சுத்தம் செய்து, கொண்டுபோய் இக் இருக்கும் தொட்டியில் விடுவதில் என்ன லாபம்?

உப்புக்கரிச்சான்

ஐயா, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வியை நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள். க்ளவுனின் தோல்சளி தடிப்பு, இக் சுலபமாகத் தெரியாது. கோபியும் அப்படித்தான். டேங் உள்ளே போன வாரமே புள்ளி வரும், பழி டேங் மேல் விழும்.

இதற்கு ஒழுங்கான பதில் ஒன்றுதான். க்ளவுன், கோபி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அவற்றுக்கும் சிகிச்சை கொடுத்து, பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் தரிசு போடுவது. பவளம், நத்தை அங்கேயே இருக்கலாம், ஒட்டுண்ணி அவற்றைச் சாப்பிட்டு வாழாது. மீன் இல்லாவிட்டால் பட்டினியில் அழியும்.

ஆனால் எல்லாராலும் இதைச் செய்ய முடியாது, அதுவும் தெரியும். பாறையைக் கலைக்காமல் கோபியைப் பிடித்தவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

நீலவரி

தரிசு போடாவிட்டாலும் டேங்கைத் தனிமைப்படுத்துவது வீணில்லை, சார். நல்ல நிலையில் இருக்கும் தொட்டியில் மெலிதாக ஓடும் இக்கை, கொழுத்த, தெம்பான டேங் தாங்கும் வாய்ப்பு அதிகம். கடையிலிருந்து நேராக வரும் ஒல்லி டேங் தாங்காது. தனிமைத் தொட்டியில் யாரும் விரட்டாமல் வயிறு நிரம்பச் சாப்பிட்ட அந்த வாரங்களே லாபம். நீங்கள் சொன்ன அமைதியும் இரையும்தான் அது. இன்னொன்று, பெரிய தொட்டியில் வெல்வெட் இருந்திருந்தால் க்ளவுன்கள் இந்நேரம் உயிரோடு இருப்பது சந்தேகம். ஆக வெல்வெட் வருவதானால் புது மீனோடுதான் வரும். அதை வாசலிலேயே நிறுத்தலாம்.

அலைவாய், இது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் மீன் வாங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். 76 நாள் போடுவதென்றால் எல்லா மீனும் சேர்ந்து இருக்க 60 லிட்டர் போதாது.

பழைய_தொட்டி

ம்ம். வெல்வெட் பற்றிச் சொன்னது நியாயம். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இருந்தாலும் மீன் சாப்பிடத் தொடங்கும் வரை செம்பைத் திறக்காதீர்கள் என்பதில் மாறமாட்டேன்.

உப்புக்கரிச்சான்

அதில் நானும் உங்கள் கட்சி, வெல்வெட் அறிகுறி தெரிந்தால் தவிர. தெரிந்தால் இரைக்காகக் காத்திருக்க நேரமில்லை.

அலைவாய்

சில வாரங்கள் கழித்து வருகிறேன். தரிசு போடவில்லை, டேங்கையும் ராஸையும் மட்டும் தனிமைப்படுத்துவது என்று முடிவு செய்தேன். மீன்கள் நேற்று வந்தன. கடைக்காரரிடம் கேட்டதில் அவர் நீர் 1.019 என்றார். என் தொட்டியையும் 1.019 க்கு இறக்கி வைத்திருந்தேன். பையை மிதக்கவிட்டு, வெப்பநிலை சமமானதும் நேராக விட்டேன், தொட்டி நீரைப் பைநீரில் சொட்டுச் சொட்டாகக் கலக்கும் சொட்டு முறை செய்யவில்லை. இது சரிதானே?

ராஸ் எல்போவுக்குள்ளேயே இருக்கிறது. டேங் ஸ்பாஞ்ச் ஃபில்டர் குமிழிக்குப் பக்கத்தில் நின்று வேகமாக மூச்சு விடுகிறது. மைசிஸ் (இறால் போன்ற சிறு இரை) போட்டேன், இரண்டும் சீண்டவில்லை. அம்மோனியா 0.5 காட்டுகிறது. செம்பு இன்னும் தொடங்கவில்லை. அம்மோனியாவைக் கட்டும் மருந்து ஊற்றலாமா?

ஆழ்கடல்77

நேராக விட்டது சரி. நீண்ட நேரம் பையில் வந்த மீனுக்குச் சொட்டு முறை ஆபத்து. மூடிய பையில் மூச்சுக் காற்று சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அம்மோனியாவின் கடுமையும் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் பிஎச் ஏறும், அம்மோனியா விஷமாகும். அதில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக நிறுத்துவது தப்பு. 1.019 இலிருந்து மேலே ஏற்றும்போது மட்டும் பொறுமை, ஒரு நாளைக்கு 0.001 அல்லது 0.002. இறக்குவதை மீன் தாங்கும், ஏற்றுவதுதான் கஷ்டம்.

நீலவரி

வேகமான மூச்சுக்குக் காரணம் வெல்வெட்டாக இருக்கலாம், அம்மோனியாவாக இருக்கலாம், வெறும் பயணக் களைப்பாகவும் இருக்கலாம். முதலில் சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்யுங்கள். இப்போதே பாதி நீரை அதே உப்பளவு, அதே வெப்பத்தில் மாற்றுங்கள். ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாக. சாப்பிடாத மைசிஸை உறிஞ்சி எடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, நாளைக் காலை பக்கவாட்டில் டார்ச் அடித்துத் தோலைப் பாருங்கள்.

கட்டும் மருந்து இப்போது ஊற்றலாம், செம்பு இல்லை என்பதால். ஆனால் செம்பு தொடங்கிய பிறகு ஊற்றாதீர்கள், குறிப்பாக க்யூப்ரமைனோடு. அந்த வகை மருந்துகள் செம்பை இன்னும் கடுமையான வடிவத்துக்கு மாற்றிவிடும். இன்னொன்று, மருந்து ஊற்றிய பிறகும் சாதாரண கிட் 0.5 என்றே காட்டும், கட்டியதையும் சேர்த்து எண்ணுவதால். தொட்டிக்குள் ஒட்டும் அம்மோனியா அட்டை விஷமான பங்கை மட்டும் காட்டும், அதை ஒட்டிக்கொள்ளுங்கள்.

அலைவாய்

நீர் மாற்றினேன். காலையில் மூச்சு இறங்கியிருக்கிறது, டார்ச்சில் தூசி எதுவும் இல்லை. அம்மோனியா அட்டை பாதுகாப்பான மஞ்சளில் நிற்கிறது. ராஸ் மைசிஸை எட்டிப் பிடித்தது. டேங் மட்டும் இன்னும் இல்லை.

பழைய_தொட்டி

கோலே டேங் நீரில் மிதப்பதைக் கொத்தும் மீனில்லை தம்பி, சுரண்டித் தின்னும் மீன். வாயைப் பாருங்கள், சீப்பு மாதிரிப் பல் வரிசை இருக்கும். கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டினால் சில டேங்குக்கு என்னவென்றே புரியாது. பேஸ்ட் இரை கிடைத்தால் ஒரு வெறும் கண்ணாடித் துண்டில் மெலிதாகத் தேய்த்து, அடியில் சாய்த்து வையுங்கள். எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்காமல் அறையை விட்டுப் போங்கள். பெரிய தொட்டியிலிருந்து பாசிக் கல் மட்டும் எடுத்துப் போடாதீர்கள், இவர்கள் அடிப்பார்கள்.

அலைவாய்

ஐயா, கண்ணாடித் துண்டு வேலை செய்தது! திரும்பி வந்து பார்த்தால் பேஸ்ட்டின் நடுவில் வரி வரியாகச் சுரண்டிய தடம். இப்போது நான் இருக்கும்போதே சாப்பிடுகிறது. இன்றிரவு முதல் தவணைச் செம்பு போடுகிறேன்.

ஒரு சந்தேகம். டேங் அவ்வப்போது எல்போவில் உடம்பை உரசுகிறது. புள்ளி எதுவும் இல்லை.

உப்புக்கரிச்சான்

உரசல், புள்ளி இல்லை, கண்ணில் லேசான மூட்டம் இருந்தால் தட்டைப்புழு என்று சந்தேகப்படுங்கள். தோலோடு தோலாகக் கண்ணாடி நிறத்தில் ஒட்டியிருக்கும், உயிரோடு இருக்கும்போது தெரியாது. அதே வெப்பம், அதே பிஎச் உள்ள, காற்று விட்ட நன்னீரில் ஐந்து நிமிடம் மீனை வைத்தால் அவை வெளுத்து உதிரும். கறுப்பு நிற டப்பாவில் செய்யுங்கள், வெள்ளை எள் கொட்டிய மாதிரி அடியில் கிடக்கும். மீன் முதலில் பக்கவாட்டில் சாயும், பயப்படாதீர்கள். ஆனால் நிற்காமல் துடித்தால் உடனே எடுத்துவிடுங்கள். டேங்கை வலையில் பிடிக்க வேண்டாம், வாலடி முள் சிக்கிக்கொள்ளும். டப்பாவால் மொண்டு எடுங்கள்.

இது கண்டுபிடிப்பதற்கு மட்டும். குணமாக்குவது ப்ராசிக்வாண்டல் என்ற புழு மருந்து. அது முட்டையைக் கொல்லாது, அதனால் ஒரு வாரம் போல இடைவெளி விட்டு இரண்டாவது தவணை. போட்ட பிறகு பாக்டீரியா பெருகி நீர் மங்கலாம், பிராணவாயு குறையும். ஏர் ஸ்டோனை எடுத்துவிடாதீர்கள். அவசரம் இல்லாததால் செம்பு முடிந்த பிறகு போடுங்கள், இரண்டையும் ஒன்றாக மீன் மேல் ஏற்ற வேண்டாம். ராஸ்களில் சில இதற்குச் சுணங்கும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அலைவாய்

கண்ணில் மூட்டம் இருக்கிறது, வலப்பக்கம். சரி, வரிசைப்படியே போகிறேன். இதற்கிடையில் நத்தை இன்னும் சில வாங்கலாமா? அவற்றுக்குச் செம்பு ஆகாதே.

நீலவரி

செம்பு நத்தைக்கு எமன். ஆனால் ஓட்டின் மேல் இக் கூடு ஒட்டி வரலாம், பவளத்தின் அடிக்கல்லிலும் அப்படியே. அவற்றுக்கு மருந்து வேண்டாம், மீனில்லாத தனித் தொட்டியில் அதே 76 நாள். கடையில் மீனும் நத்தையும் ஒரே நீரில் இருந்ததா என்று முதலில் கேளுங்கள். வெகுநாளாக மீனே இல்லாத நீரில் இருந்தவை என்றால் கவலை குறைவு.

சிப்பிக்குள்_நண்டு

எல்லாம் முடிந்ததும் அந்த ஸ்பாஞ்சைக் கழுவிச் சம்பில் திரும்பப் போடலாமா? அந்தத் தொட்டியில் எனக்கு இறால் வளர்க்கும் யோசனையும் வருகிறது, அலைவாய் கொடுத்தால்.

உப்புக்கரிச்சான்

செம்பு குடித்த ஸ்பாஞ்ச் பவளத் தொட்டிக்குள் போகக் கூடாது, தூக்கிப் போடுங்கள். சம்பில் இரண்டாவதாகப் போட்ட ஸ்பாஞ்ச் அடுத்த மீனுக்கு இருக்கிறது. தொட்டி, எல்போ, ஹீட்டர் எல்லாவற்றையும் ப்ளீச் கலந்த நீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுக்க உலரவிடுங்கள். முழுக்க உலர்ந்தால் கூடுகள் பிழைக்காது.

இறாலுக்கு வேறு தொட்டி பாருங்கள் நண்டு. கண்ணாடி பரவாயில்லை, மூலை சிலிக்கானில் எவ்வளவு செம்பு ஊறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.